ஒரு பானைச் சோறும் ஐந்து சீட்டுகளும்

தேர்தல் வந்துவிட்டால் நம் விடுதியில் இரண்டு அணிகள் தோன்றிவிடும். "இயந்திரத்தில் ஏதோ செய்துவிட்டார்கள்" என்பர் ஓர் அணியினர். "அதெல்லாம் சரிபார்த்துத்தான் முடிவு சொல்கிறார்கள்" என்பர் மற்றோர் அணியினர். உணவுக்கூடத்தில் தொடங்கும் வாதம் மொட்டைமாடியில் நள்ளிரவு தாண்டியும் நீளும். ஆனால் இவர்களுள் ஒருவரேனும் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்ததை நான் கண்டதில்லை. புள்ளியியல் பயிலும் மாணவன் என்ற உரிமையில் அந்தக் கணக்கை இங்கே போட்டுக் காட்ட விரும்புகிறேன். இயந்திரம் நல்லதா கெட்டதா என்று தீர்ப்புச் சொல்வது என் வேலையன்று. "சரிபார்த்தார்கள்" என்ற சொல்லுக்கு எவ்வளவு எடை உண்டு என்பதுதான் என் கேள்வி.

முதலில், எதைச் சரிபார்க்கிறார்கள் என்று பார்ப்போம். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தில் பொத்தானை அழுத்தியதும், பக்கத்தில் இருக்கும் அச்சுப் பெட்டியில் ஒரு சிறு சீட்டு ஏழு நொடிகள் கண்ணாடி வழியே தெரிகிறது; பிறகு அறுபட்டு உள்ளே விழுகிறது. அதுவே ஒப்புகைச் சீட்டு. 2013இல் நாகாலாந்தின் நோக்சென் தொகுதி இடைத்தேர்தலில் முதன்முதலாகப் பயன்பட்ட இந்த ஏற்பாடு, 2019 நாடாளுமன்றத் தேர்தலில் நாடெங்கும் எல்லாச் சாவடிகளுக்கும் வந்தது. இயந்திரம் சொல்லும் எண்ணிக்கையும் பெட்டியில் விழுந்த சீட்டுகளின் எண்ணிக்கையும் ஒத்திருக்க வேண்டும். எல்லாச் சாவடிகளிலும் எண்ணிப் பார்த்தால் ஐயத்துக்கே இடமில்லை. ஆனால் அப்படி எண்ணுவதில்லை. சட்டமன்றத் தொகுதிக்கு ஒரு சாவடி என்றிருந்ததை 2019 ஏப்ரல் 8ஆம் நாள் உச்சநீதிமன்றம் ஐந்தாக உயர்த்தியது. எதிர்க்கட்சித் தலைவர்கள் இருபத்தொருவர் கேட்டதோ பாதிச் சாவடிகள்! அவ்வளவு எண்ணினால் முடிவு வர நாட்கணக்கில் தாமதமாகும் என்றது தேர்தல் ஆணையம்.

அந்த ஐந்தைத் தேர்ந்தெடுக்கும் முறை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அஞ்சலட்டை அளவுள்ள வெள்ளைத் தாள்கள், சாவடிக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் சாவடியின் எண் பெரிதாக அச்சாகியிருக்கும். வேட்பாளர்களுக்கும் முகவர்களுக்கும் காட்டிவிட்டு, எண் வெளியே தெரியாதபடி நான்காக மடித்து, ஒரு பெரிய கலத்தில் இட்டுக் குலுக்கி, ஐந்தை எடுக்கிறார்கள். இவ்வளவு கணிப்பொறிகள் மலிந்த காலத்தில், குலுக்கிய கலம் ஒன்றே எல்லாக் கட்சியாரும் ஒப்பும் நடுவராக இருக்கிறது.

இதைப் படிக்கும்போது உத்திரமேரூர் நினைவு வராத தமிழர் இருக்க முடியுமா? முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு (கி.பி. 921) கூறும் குடவோலை முறையிலும் பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டுக் குலுக்கி, உள்ளிருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். வாரியத்தில் இருந்தவர் பெயரை அடுத்த மூன்று ஆண்டுகளுக்குக் குடத்தில் இடக்கூடாது என்ற விதியும் அதில் உண்டு. எடுத்த ஓலையை உடனே திருப்பிப் போடாமை என்று இதைச் சொன்னால், நம் இன்றைய பாடத்துக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறோம்.

தேர்தல் அதிகாரியும் எடுத்த சீட்டைத் திருப்பிப் போடுவதில்லை. போட்டால் ஒரே சாவடியை இருமுறை எண்ண நேரும். அது வீண் உழைப்பு. ஆகவே முதற்சீட்டை எடுக்கையில் கலத்தில் 250 சீட்டுகள் இருந்தால், அடுத்ததற்கு 249 தாம் இருக்கும், அதற்கடுத்து 248. ஒவ்வொரு முறையும் உலகம் சிறிது மாறிவிடுகிறது. இந்த மாற்றத்தைக் கணக்கில் சேர்க்கும் வழியைச் சிறிய எண்களில் முதலில் காண்போம்.

கூடையில் பத்து மாம்பழங்கள்; அவற்றுள் மூன்று அழுகல். வெளித்தோற்றத்தில் வேறுபாடு தெரியாது. கண்ணை மூடி இரண்டு எடுக்கிறோம். இரண்டும் நல்லவையாக இருக்கும் நிகழ்தகவு என்ன? முதற்பழம் நல்லதாக அமைய வாய்ப்பு 7/10. அது நல்லதாக அமைந்துவிட்டால், எஞ்சிய ஒன்பதில் நல்லவை ஆறுதான். ஆகவே இரண்டாவதற்கு வாய்ப்பு 6/9. இரண்டையும் பெருக்கினால் 42/90, அதாவது 7/15. நூற்றுக்கு ஏறத்தாழ 47. முதற்பழத்தைத் திருப்பிப் போட்டுவிட்டு எடுத்திருந்தால் 7/10ஐ 7/10ஆல் பெருக்கி 49 என்று சொல்லியிருப்போம். சூத்திரம் என்று மனப்பாடம் செய்ய இங்கே எதுவுமில்லை. ஒவ்வொரு படியிலும் "இப்போது கூடையில் என்ன மிச்சம்?" என்று கேட்டு, வரும் பின்னங்களைப் பெருக்கிக்கொண்டே போவதுதான் முறை முழுவதும்.

இவ்விடத்தில் என் அறை நண்பர் ஒரு தடை எழுப்பினார். "அப்படியென்றால் முதலில் எடுக்கிறவன் கொடுத்து வைத்தவன் ஐயா! அடுத்தவனுக்கு நல்ல பழம் குறைந்துவிடுகிறதே." பரிசுக் குலுக்கலில் முண்டியடித்து முன்வரிசையில் நிற்கிற எல்லாருடைய எண்ணமும் இதுவே. கணக்கு வேறு சொல்கிறது. இரண்டாவதாக எடுப்பவனுக்கு அழுகல் கிடைப்பது இரு வழிகளில் நிகழலாம். முதல்வன் அழுகலை எடுத்துச் சென்றபின் இவனுக்கும் அழுகல் வருவது ஒன்று: 3/10 × 2/9 = 6/90. முதல்வனுக்கு நல்லது கிடைத்து இவனுக்கு அழுகல் வருவது மற்றொன்று: 7/10 × 3/9 = 21/90. கூட்டினால் 27/90, அதாவது 3/10. முதல்வனுக்கு இருந்த அதே ஆபத்து! முதல்வன் எடுத்ததைப் பார்த்துவிட்டால்தான் இரண்டாமவனின் வாய்ப்பு மாறும், பாராதவரை மாறாது. பத்துப் பழங்களையும் கலைத்து வரிசையாக அடுக்கியதாக நினைத்துக்கொள்ளுங்கள். முதலிடத்துக்கோ ஐந்தாம் இடத்துக்கோ தனிச் சலுகை ஏதாவது உண்டா? இல்லை அல்லவா? அதுபோலவே, 250 சாவடிகளில் உங்கள் ஊர்ச் சாவடி முதற்சீட்டாக வருவதற்கும் ஐந்தாம் சீட்டாக வருவதற்கும் வாய்ப்பு ஒன்றே, 1/250. ஐந்தில் ஏதேனும் ஒன்றாக வர 5/250; அதாவது ஐம்பதில் ஒன்று.

இனித் தொகுதிக்கு வருவோம். ஒரு சட்டமன்றத் தொகுதியில் 250 சாவடிகள் என்று வைத்துக்கொள்வோம். அவற்றுள் ஐந்தில் மட்டும் இயந்திரக் கணக்கும் சீட்டுக் கணக்கும் ஒத்துப்போகவில்லை. காரணம் பழுதோ சூதோ, எதுவாயினும் ஆகுக. அந்த ஐந்தில் ஒன்றேனும் குலுக்கலில் அகப்படுமா?

அகப்படாமல் தப்பும் நிகழ்தகவைக் கணக்கிடுவதே எளிது. முதற்சீட்டு நல்ல சாவடியாக அமைய 245/250. அடுத்தது 244/249. பிறகு 243/248, 242/247, 241/246. ஐந்தையும் பெருக்குக. 0.903 வருகிறது. அதாவது நூற்றுக்குத் தொண்ணூறு முறை, கோளாறான ஐந்து சாவடிகளும் கண்ணில் படாமலே போய்விடும்! பிடிபடும் வாய்ப்பு பத்து விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைவு.

"ஆகா, நான் சொன்னேனே!" என்று முதல் அணியினர் துள்ள வேண்டாம். கோளாறான சாவடிகள் ஐம்பதாக இருந்தால் என்ன ஆகும் என்றும் பார்க்க வேண்டும். 200/250 என்று தொடங்கி அதே போல் பெருக்கினால் தப்பும் வாய்ப்பு 0.324, பிடிபடும் வாய்ப்பு 68 விழுக்காடு. பாதிச் சாவடிகள், அதாவது 125, கெட்டிருந்தால் தப்பும் வாய்ப்பு வெறும் 0.03, நூற்றுக்கு 97 முறை பிடிபட்டுவிடும். ஆக, ஐந்து சீட்டுகள் பெரிய கோளாற்றைக் கோட்டைவிடுவது அரிது. சிறிய கோளாற்றைக் கண்டுபிடிப்பதும் அரிது.

இந்த 97 விழுக்காட்டில் ஓர் அழகு ஒளிந்திருக்கிறது. எதிர்க்கட்சியினர் கேட்டபடி பாதிச் சாவடிகளை, 125ஐ, எண்ணுவதாகக் கொள்வோம், கெட்டவை ஐந்துதாம். இப்போது பிடிபடும் வாய்ப்பு என்ன? 125 பின்னங்களைப் பெருக்க வேண்டுமே என்று அஞ்ச வேண்டாம். கேள்வியைத் திருப்பிப் போடுக. நாம் எண்ணப்போகும் 125 சாவடிகளை முதலில் ஒதுக்கிவிட்டோம் என்று கொண்டு, கோளாறு என்னும் முத்திரை கண்ணை மூடிக்கொண்டு ஐந்து சாவடிகளில் விழுகிறது என்று எண்ணிப் பாருங்கள். ஐந்தும் நாம் எண்ணாத 125இலேயே விழ வேண்டும்: 125/250, 124/249, 123/248, 122/247, 121/246. நாம் சற்றுமுன் பெருக்கிய அதே ஐந்து பின்னங்கள்! விடையும் அதே 0.03. 125 கெட்டதில் ஐந்தை எடுத்தாலும், ஐந்து கெட்டதில் 125ஐ எடுத்தாலும் நிகழ்தகவு ஒன்றே. திருப்பிப் போடாமல் எடுப்பதில் எடுக்கும் எண்ணிக்கையும் கெட்டவற்றின் எண்ணிக்கையும் ஒன்றுக்கொன்று இடம் மாறிக்கொள்ளும். முதலாண்டில் இதை வகுப்பில் கேட்டபோது எனக்கு இது வெறும் குறியீட்டு விளையாட்டாகவே தோன்றியது. தேர்தல் கணக்கில் பொருத்தியபோதுதான் சுவை தெரிந்தது.

இதே உத்தியால் மற்றொன்றும் கண்டேன். ஐந்து கெட்ட சாவடிகளைத் தொண்ணூறு விழுக்காட்டு உறுதியுடன் பிடிக்க வேண்டுமாயின் எத்தனை எண்ண வேண்டும்? தொண்ணூற்றிரண்டு. ஐந்துக்கும் தொண்ணூற்றிரண்டுக்கும் இடையே உள்ள தொலைவுதான் அந்த இரண்டு அணிகளுக்கும் இடையே உள்ள தொலைவு என்று எனக்குத் தோன்றுகிறது.

சரி, ஆணையம் கணக்குப் பாராமலா ஐந்து போதும் என்றது? அவ்வாறன்று. நாடெங்கும் இருந்த ஏறத்தாழ 10.35 லட்சம் இயந்திரங்களிலிருந்து 479ஐக் குலுக்கி எடுத்துச் சரிபார்த்து ஒன்றிலும் வேறுபாடு இல்லையென்றால், பழுதானவை இரண்டு விழுக்காட்டுக்கு மேல் இல்லை என்று 99.99 விழுக்காட்டு உறுதியுடன் சொல்லலாம் என்று வல்லுநர் குழு ஓர் அறிக்கை தந்தது. மகலனோபிஸ் 1931இல் கல்கத்தாவில் தோற்றுவித்த இந்தியப் புள்ளியியல் கழகத்தின் பெயரோடு அது வெளிவந்தது. பத்து லட்சத்துக்கு 479ஆ என்று திகைப்பவர்கள் தாமே போட்டுப் பார்க்கலாம். 0.98ஐ 479 முறை பெருக்கினால் 0.00006 அளவில் ஓர் எண் வரும். கணக்கில் பிழை இல்லை.

கூடை எவ்வளவு பெரிது என்பது ஏறத்தாழப் பொருட்டே அன்று என்பதையும் இங்கே கவனிக்கலாம். 250 சாவடிகளில் இரண்டு விழுக்காடு கெட்டு, ஐந்தை எடுத்தால் பிடிபடும் வாய்ப்பு 9.7 விழுக்காடு. கோடிச் சாவடிகளில் இரண்டு விழுக்காடு கெட்டு, ஐந்தை எடுத்தாலும் 9.6. நம் பாட்டிமார்கள் இதை என்றோ கண்டவர்கள். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கையில், பானை பெரிதா சிறிதா என்று அவர்கள் கேட்கவில்லையே!

ஆனால் அந்தப் பழமொழியில் "ஒரு பானை" என்ற சொல்லைப் பலர் கேளாமலே விட்டுவிடுகின்றனர். ஒரு பானையின் சோறு பக்கத்துப் பானைக்குப் பதம் ஆகாது. 479 என்ற எண் நாடு முழுவதையும் ஒரே பானையாகக் கொண்டது. அது விடை சொல்லும் கேள்வி, "நாடெங்கும் உள்ள இயந்திரங்களில் பழுது பரவலாக இருக்கிறதா?" என்பது. உண்மையில் அது நல்ல கேள்வி, விடையும் வலிமையானது. 2019இல் 4,125 சட்டமன்றத் தொகுதிகளில் ஐந்தைந்தாக 20,625 சாவடிகளின் சீட்டுகளை எண்ண ஏற்பாடாயிற்று. ஒவ்வொரு தொகுதியிலும் 250க்கு ஐந்து கெட்டிருந்து, நாடு முழுவதும் ஒன்றுகூட அகப்படாமல் தப்ப வேண்டுமானால் 0.903ஐ 4,125 முறை பெருக்க வேண்டும். புள்ளிக்குப் பின் நூற்றெண்பது சுழிகளுக்கு மேல் வரும். நடவாது என்றே சொல்லிவிடலாம். "நாடு முழுவதும் இயந்திரங்களை மாற்றிவிட்டார்கள்" என்று பேசுவோர் இந்தச் சுழிகளை எண்ணிவிட்டுப் பேசுவது நல்லது.

ஆனால் தேர்தலில் தோற்ற வேட்பாளர் நாட்டைப் பற்றிக் கேட்பதில்லை. தம் தொகுதியைப் பற்றிக் கேட்கிறார். அவருடைய பானை தனிப் பானை. அதிலிருந்து எடுத்த சோறு ஐந்தே. நாடாளுமன்றத் தொகுதியாயின் சற்று மேல். தமிழ்நாட்டில் ஆறு சட்டமன்றத் தொகுதிகள் சேர்ந்தது ஒரு நாடாளுமன்றத் தொகுதி. முப்பது சாவடிகள் எண்ணப்படும். 1,500 சாவடிகளில் முப்பது கெட்டிருந்தால் பிடிபடும் வாய்ப்பு 46 விழுக்காடு. நாணயத்தைச் சுண்டிவிட்டதற்குச் சற்றுக் கீழே!

அப்படியானால் தொகுதிதோறும் பாதியை எண்ணுவதுதான் வழியா? நான் அப்படிக் கருதவில்லை. ஒருவர் ஐம்பதாயிரம் வாக்குகள் வித்தியாசத்தில் வென்றிருந்தால், அதைப் புரட்டிப்போட மிகப் பல சாவடிகளில் கணக்கு மாறியிருக்க வேண்டும். அத்தனை கெட்டிருந்தால் ஒரு சில சீட்டுகளே காட்டிக்கொடுத்துவிடும். ஐந்நூறு வாக்குகளில் வென்றிருந்தாலோ நான்கைந்து சாவடிகள் போதும் முடிவை மாற்ற. அவை ஐந்து சீட்டுகளுக்கு அகப்படா. ஆகவே எத்தனை சாவடிகளை எண்ணுவது என்பதை முன்கூட்டியே ஒரே எண்ணாக நிறுத்திவைக்காமல், வெற்றி வித்தியாசம் குறுகக் குறுக எண்ணும் சாவடிகளைப் பெருக்கிக்கொண்டு போவதே முறை. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்துப் புள்ளியியலாளர் பிலிப் ஸ்டார்க் வகுத்த தணிக்கை முறையின் சாரம் இதுதான். அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் 2017இல் இதை மாநிலம் முழுவதும் நடைமுறைப்படுத்தியது. பெரிய வெற்றிக்கு உழைப்பு மிச்சம். நூலிழை வெற்றிக்கு உறுதி மிகுதி. பாதித் தொகுதிகளில் ஐந்து என்பதே மிகையாக இருக்கக்கூடும். சில தொகுதிகளில் நூறும் போதாமற் போகலாம்.

2024 ஏப்ரல் 26இல் எல்லாச் சீட்டுகளையும் எண்ண வேண்டும் என்ற கோரிக்கையை உச்சநீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆயினும் ஒரு புது வழியைத் திறந்துவிட்டது. இரண்டாம், மூன்றாம் இடம் பெற்ற வேட்பாளர்கள் முடிவு வந்த ஏழு நாட்களுக்குள் எழுத்து மூலம் கேட்டால், செலவை அவர்கள் ஏற்க, ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதியிலும் ஐந்து விழுக்காட்டு இயந்திரங்களின் நுண்கட்டுப்பாட்டுச் சில்லைப் பொறியாளர்கள் ஆராய்வர். சூது நடந்தது தெரிந்தால் செலவுப் பணம் திரும்பக் கிடைக்கும். இது சீட்டு எண்ணுவதினின்றும் வேறான சோதனை. நம் 250இல் ஐந்து விழுக்காடு என்றால் பன்னிரண்டு என்று கொள்வோம். பன்னிரண்டைக் குலுக்கி எடுத்தால், கெட்ட ஐந்தில் ஒன்றேனும் அதில் சேர வாய்ப்பு 22 விழுக்காடு.

ஆனால் இங்கே குலுக்கல் இல்லை. எந்தச் சாவடியின் இயந்திரம் என்பதை வேட்பாளரே சுட்டலாம். தம் கட்சி முகவர்கள் சொன்னதையும், சென்ற தேர்தலின் கணக்கையும், திடீரென்று சரிந்த வாக்குகளையும் வைத்துக்கொண்டு அவர் தேடுவார். தேடுபவருக்கு ஊர் தெரிந்திருந்தால் 22 என்பது மிகவும் உயரும். ஆனால் ஒன்றும் கிடைக்காதபோது, எஞ்சிய 238ஐப் பற்றி அந்தப் பன்னிரண்டைக் கொண்டு எதுவும் கணக்கிட்டுச் சொல்ல இயலாது. ஏனெனில் குலுக்காமல் எடுத்த சீட்டுக்கு 245/250 என்ற பின்னமே கிடையாது.